காரணம்: ஆடி மாதம்

வாழ்த்துச் செய்தி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கார் ஷோரூமில், விற்பனைக் குழுக்களைக் கட்டி மேய்க்க ஒரு மென்பொருள் இருக்கிறது. அதற்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதாம். நிறுவனத்தின் ஆண்டு மலரில் அதைப் பாராட்டி மூத்தவர்கள் நாலு வரி எழுத வேண்டுமாம். ஒரு காலத்தில் என் குழுவில் இருந்து, இப்போது தானே குழுத் தலைவியாகிவிட்ட ஷாலினி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். "மேடம், உங்களவிட சீனியர் யாரும் இல்ல. நாலே நாலு லைன் போதும், ப்ளீஸ்" என்று எழுதி, கூடவே கும்பிடும் கைகள்.

அதோடு ஒரு விளம்பரப் படமும் வந்தது. மாக்கோலம், வேப்பிலைத் தோரணம், நடுவில் ஒரு வெள்ளைக் கார். 'நம் மண்ணின் மாதங்களை அறிந்த மென்பொருள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே சின்ன எழுத்தில் விளக்கம்: வாடிக்கையாளர் ஏன் தள்ளிப்போடுகிறார் என்ற காரணப் பட்டியலில் இனி 'ஆடி மாதம்' என்பதும் இருக்கும். இந்த யோசனையைக் கொடுத்தவர் என்று ஓரத்தில் ரகுநந்தன் சாரின் படம் சிரித்துக்கொண்டிருந்தது.

பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஒரு வார்த்தை அந்தப் பட்டியலில் இல்லாததால் என் குழுவில் ஒருவன் வேலையை இழந்தான். அவன் வேலையைப் பறித்த மனிதரே இன்று அந்த வார்த்தைக்காக மாலை வாங்கிக்கொள்கிறார். நாலு வரியில் எழுதுகிற விஷயமா இது? ஷாலினி, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கேட்டுவிட்டாய், முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் வளர்மதி. பட்டாபிராமில் மின்சார ரயில் ஏறி அம்பத்தூருக்கு வேலைக்கு வந்தவள். வரவேற்பு மேசையில் சேர்ந்து, தொலைபேசிக்கு மாறி, பிறகு அடம்பிடித்து விற்பனைக்குள் நுழைந்தேன். முதல் வருடத்தில் ஒரு லாரி முதலாளி என்னைப் பார்த்து, "பொம்பளைக்கு கிளட்ச்ச பத்தி இன்னாம்மா தெரியும்? ஆம்பள யாராச்சும் கீறாங்களா, கூப்டு" என்றார். அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, சாயங்கால நெரிசலில் பாடி மேம்பாலத்தில் ஏற்றி இறக்கிக் கூட்டிவந்தேன். இறங்கியதும் பேசாமல் முன்பணம் கட்டினார். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இவ்வளவு போதும். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் நான் ஒரு விற்பனைக் குழுவின் மேலாளர்.

மென்பொருளுக்கு நான் எதிரி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பழங்காலத்து ஆள் புலம்புகிறாள் என்று ஒதுக்கிவிடுவார்கள். அது வருவதற்கு முன் எங்கள் ஷோரூமில் ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு விற்பனையாளர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டதை நானே விலக்கிவிட்டிருக்கிறேன். மென்பொருள் வந்த பிறகு யார் முதலில் பேசினார்களோ அவர்கள் பெயரில் வாடிக்கையாளர் பதிவாகிவிடுவார், சண்டை நின்றது. வாங்கப்போகிறவர் 'ஹாட்', யோசிக்கிறவர் 'வார்ம்', சும்மா பார்த்துவிட்டுப் போனவர் 'கோல்ட்'. கீழே ஒரு குறிப்புப் பெட்டி இருக்கும். பையன் ரிசல்ட் வரட்டும், மாமனார் ஊரிலிருந்து வரட்டும், மனைவிக்குச் சிவப்பு பிடிக்கவில்லை, எதை வேண்டுமானாலும் தமிழிலேயே தட்டிவைக்கலாம். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆடி மாதத்தில் அந்தப் பெட்டியில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் தட்டுவோம். எங்கள் பக்கத்தில் முதல் கார் வாங்குகிற குடும்பம் ஆடியில் வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோகாது. துணிக்கடைக்காரன் தள்ளுபடி போடலாம், நாங்களும் பேனர் கட்டலாம். ஆடிப்பெருக்கன்று ஒரு சிலர் வந்து முன்பணம் கட்டுவார்கள். மற்றபடி எல்லோருக்கும் ஒரே பேச்சு, ஆவணி பிறக்கட்டும். அந்த மாதத்தில் போன் போட்டு "சார், எப்ப எடுக்கறீங்க?" என்று நச்சரித்தால் அபசகுனமாக எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் ஆடியில் நாங்கள் போனை அடக்கிவைத்துவிடுவோம்.

இதில் கில்லாடி டில்லிபாபு. திருமழிசைக்காரன். அவனுடைய அப்பாவும் அம்மாவும் நாற்று நட்ட வயலில்தான் இப்போது தொழிற்பேட்டைக் கொட்டகைகள் நிற்கின்றன. சட்டையை பேன்ட்டுக்குள் விட்டுக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அந்த வீட்டில் அவன்தான். ஆடி முழுக்க அவன் வாடிக்கையாளர்களை விடவும் மாட்டான், கார் பேச்சை எடுக்கவும் மாட்டான். எந்தத் தெருவில் எந்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள் என்று அவனுக்கு அத்துப்படி. ஷோரூமுக்கு ஞாயிறும் வேலை நாள்தான். ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லி என்று பைக்கில் சுற்றி, வாடிக்கையாளர் தெருக் கூழில் போய் நிற்பான். அவர்கள் வீட்டுப் பெண்கள் கையால் ஒரு சொம்பு கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவான். ஆவணி முதல் வாரத்தில் அந்த வீடுகளெல்லாம் ஷோரூமில் வந்து நிற்கும்.

"கார பத்தி ஒரு வார்த்த கூட பேசமாட்டியாடா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"இன்னாத்துக்கு மேடம் பேசணும்? என் மூஞ்சே காருதான அவங்களுக்கு?" என்றான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் மென்பொருளில் பெரிய மாற்றம் கொண்டுவந்தார்கள். பயிற்சி கொடுக்க நகரத்து அலுவலகத்திலிருந்து பிரணவ் என்று ஒரு இளைஞர் வந்தார். கெட்டிக்காரப் பிள்ளை, மரியாதையான பிள்ளை. திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். வாடிக்கையாளரிடம் முப்பது நாள் அசைவு இல்லையென்றால் அவர் தானாகவே நம் பெயரிலிருந்து நீங்கி, தொலைபேசி மையத்திலிருக்கும் 'மீட்புக் குழு'வுக்குப் போய்விடுவார். தள்ளிப்போடுகிறார் என்றால் பட்டியலில் இருக்கும் காரணங்களில் ஒன்றைத் தொடவேண்டும். கடன் கிடைக்கவில்லை, வேறு கம்பெனி வாங்கிவிட்டார், விருப்பமில்லை, தவறான எண், வெளியூரில் இருக்கிறார். அவ்வளவுதான். குறிப்புப் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். ஆளாளுக்குக் கதை எழுதினால் கணினியால் எண்ண முடியவில்லையாம்.

டில்லிபாபு கையைத் தூக்கினான்.

"சார், இதுல ஆடிக்கு இன்னான்னு போட்றது?"

"ஆடின்னா?" என்றார் பிரணவ். பிறகு புரிந்து சிரித்தார். "ஓ, அதுவா. அவுட் ஆஃப் ஸ்டேஷன்னு போட்டுக்கோங்க பாஸ். அதுக்கு மட்டும்தான் அறுபது நாள் டைம் கொடுத்திருக்கோம்."

"அவங்க ஊட்லதான சார் கீறாங்க? வெளியூர்னு எப்டி சார் போட்றது? பொய்யில்ல அது?"

"சிஸ்டத்துக்கு அதெல்லாம் தெரியாது. போட்டுக்கோங்க, நான் சொல்றேன்ல."

அறையில் பதினைந்து பேருக்குக் குறையாமல் இருந்தோம். எல்லோரும் கேட்டோம். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அந்த 'நான் சொல்றேன்ல' இன்றுவரை என் காதில் இருக்கிறது.

இனி ரகுநந்தன் சார். எங்கள் எல்லா ஷோரூம்களுக்கும் விற்பனைத் தலைவர். வாரம் ஒரு நாள் அம்பத்தூருக்கு வருவார். மேசையில் எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரிலிருக்கும் பெரிய திரையைப் பார்த்து உட்காருவார். திரையில் எங்கள் பெயர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரிசையாக நிற்கும். குரலை உயர்த்தவே மாட்டார். ஆண்களெல்லாம் 'பாஸ்', பெண்களெல்லாம் 'மேடம்'. யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. கையில் ஒரு பேனா, அதன் மூடியைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி மூடுவார். வாடிக்கையாளரின் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று யாராவது ஆரம்பித்தால், திரும்பாமலே உள்ளங்கையைத் தூக்குவார். "கதை வேணாம் பாஸ். நம்பர் என்ன சொல்லுது?"

அவர் ஒரு வாடிக்கையாளரிடம் பேசி நான் பார்த்ததில்லை. ஒரு தடவை ஒரு அம்மாள், கைக்குழந்தையோடு, கழிவறை எந்தப் பக்கம் என்று அவரிடமே கேட்டுவிட்டார். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் வரவேற்பு மேசையைக் காட்டினார். இந்த மனிதர்தான் நம் மண்ணின் மாதங்களை அறிந்தவராம்!

அந்த வருடம் ஆடி பிறந்தது. குழு முழுவதும் பிரணவ் சொன்னபடி 'வெளியூர்' என்று தொட்டோம். டில்லிபாபுவுக்கு எல்லோரையும்விட வாடிக்கையாளர்கள் அதிகம், அதனால் அவன் பெயரில்தான் 'வெளியூர்' அதிகம். திரையில் அது ஒரு மொட்டைக் கோபுரம் மாதிரி தனியாக நின்றது. நகரத்து அலுவலகத்தில் யாருக்கோ அது உறுத்தியிருக்கிறது. ஒரே விற்பனையாளரின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எப்படி வெளியூர் போவார்கள்? இது போலி. இல்லாத வாடிக்கையாளர்களை எழுதிவைத்துக் கணக்குக் காட்டுகிறான். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய திருட்டு இல்லை.

தொலைபேசி மையத்திலிருந்து அவனுடைய வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டார்கள். எங்களுக்குத் தெரியாது. ஆடி நடுவில் ஒரு நாள் ரகுநந்தன் சார் அவனையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். திரையில் இந்தத் தடவை பெயர்கள் இல்லை, வரைபடம். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை சிவப்புப் புள்ளிகள்.

"வேலை நேரத்துல உங்க ஆள் போன் எங்க இருந்திருக்குன்னு பாருங்க மேடம்" என்றார். "இது ஒரு மாரியம்மன் கோவில். இது இன்னொரு கோவில். இது வேப்பமரத்தடி. சம்பளம் கொடுத்து பக்தி வளர்க்கிறோமா நாம?"

"அங்கதான் சார் கஸ்டமர் கீறாங்க" என்றான் டில்லிபாபு.

"உங்க கஸ்டமர்தான் வெளியூர்ல இருக்காங்களே பாஸ்."

டில்லிபாபு என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு மூக்கு நுனி சுட்டது. பயிற்சியில் நடந்ததை எடுத்துச் சொன்னேன். பட்டியலில் ஆடி இல்லை, இதைப் போடச் சொன்னது உங்கள் ஆள், நானும்தான் போட்டேன், என் குழுவே போட்டது என்றேன். அவர் பேனா மூடியைத் தள்ளிக்கொண்டே, "டேட்டா பொய் சொல்லாது மேடம்" என்று ஒரு ஒலிப்பதிவைப் போட்டார்.

பேசியது வேலாயுதம் சார். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர். ஓய்வு பெறப்போகிறார், அதற்குள் ஒரு கார் வாங்கிவிட வேண்டும் என்று மனைவியோடு வந்து, டில்லிபாபுவிடம் நீலநிறக் கார் ஒன்றைப் பார்த்துவைத்திருந்தார். பதிவில் ஒரு பெண் குரல் கேட்டது: "சார், நீங்க இப்ப அவுட் ஆஃப் ஸ்டேஷனா?" அவர், "இல்லம்மா, வீட்லதான் இருக்கேன்" என்றார். "முப்பது நாளுக்குள்ள கார் வாங்குற ஐடியா இருக்கா?" "இல்ல." ரகுநந்தன் சார் அங்கே நிறுத்திவிட்டார்.

"முழுசா போடுங்க சார்" என்றேன்.

"கேள்விக்குப் பதில் கிடைச்சாச்சு மேடம்."

"எனக்குக் கிடைக்கல. போடுங்க."

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். என்ன நினைத்தாரோ, போட்டார்.

"இல்ல. ஏம்மா, ஆடி பொறந்துருச்சுல்ல, இப்பப் போயி எவனாச்சும் வண்டி எடுப்பானா?" என்றார் வேலாயுதம் சார்.

"யெஸ்ஸா நோவா சார்?"

"நோதான். ஆவணியில யெஸ்ஸு."

"உங்க சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் இந்த மாசம் உங்களுக்கு கால் பண்ணாரா?"

"போனெல்லாம் பண்ணலம்மா. நேர்ல வந்தாப்ல. எங்க தெருக் கூழு ரெண்டு சொம்பு குடிச்சாப்ல. தங்கமான தம்பி."

"கால் பண்ணலைன்னு போட்டுக்கறேன் சார். தேங்க்யூ."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஒரு மனிதர் தன் வாயால், தன் குரலில், ஆவணியில் வாங்குகிறேன் என்கிறார். ரகுநந்தன் சார் கேட்டது இவ்வளவுதான்: "சோ, அவுட் ஆஃப் ஸ்டேஷன் இல்ல. முப்பது நாள்ல வாங்கமாட்டார். காலும் போகல. மூணும் ஒத்துப்போகுதுல்ல?"

பிரணவைக் கூப்பிடுங்கள் என்றேன். வீடியோவில் வந்தார். டில்லிபாபு முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கடைசியாகத் தன் தலைவரின் முகத்தைப் பார்த்தார். "அப்படி நான் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை மேடம். பயிற்சிக் கையேட்டுல அது இல்ல" என்றார். கெட்டிக்காரப் பிள்ளை என்று சொன்னேனே, அதை இங்கே திருப்பி வாங்கிக்கொள்கிறேன். பயிற்சிக்கு வந்திருந்தவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். "எல்லாரையும் அவுட் ஆஃப் ஸ்டேஷன் கேஸ்ல சேர்த்துக்கணுமா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார் ரகுநந்தன் சார். வெளியே கண்ணாடிக்கு அந்தப்பக்கம் என் குழு முழுதும் நின்றுகொண்டிருந்தது. எல்லோருக்கும் வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு. "என்னைச் சேத்துக்குங்க" என்றேன். "நீங்க ரிட்டயர் ஆகப் போறீங்க மேடம். உங்கள எதுக்கு?" என்று சிரித்தார். வாழ்நாளில் எவர் திட்டியும் அந்தச் சிரிப்பு அளவுக்கு எனக்கு வலித்ததில்லை.

டில்லிபாபுவை அன்றே அனுப்பிவிட்டார்கள். அனுப்பியதோடு விட்டிருந்தால்கூட அவன் பிழைத்துக்கொண்டிருப்பான், வாய்ச்சாலக்காரன். மென்பொருளில் அவன் பெயர்மேல் ஒரு சிவப்புக் குறி வைத்தார்கள். 'நேர்மைக் குறைபாடு' என்று அதற்கு அர்த்தம். இந்தப் பக்கத்து ஷோரூம்கள் முக்கால்வாசி இதே மென்பொருளைத்தான் வாங்கியிருக்கின்றன. வேலை கேட்டுப் போகிற இடத்தில் அவன் கைப்பேசி எண்ணைத் தட்டினால் சிவப்பு வந்து நிற்கும். பூந்தமல்லியில் ஒரு ஷோரூமில் நேர்காணல் நன்றாகப் போயிருக்கிறது. காபி கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் எண்ணைத் தட்டியதும் அந்த மனிதர் கணினியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்றாராம்.

"திருடன பாக்கற மாதிரி பாத்தான்க்கா" என்றான் என்னிடம். அடையாள அட்டையைப் பிடுங்கிய நாளிலிருந்து மேடம் போய் அக்கா ஆகிவிட்டேன். "நான் இன்னா திருடிட்டேன்? கூழு குட்ச்சேன். அவ்ளோதான?"

ஆவணி பிறந்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாதது. டில்லிபாபுவின் 'போலி' வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மனைவி மக்களோடு, பூவும் பழமுமாக, உயிரோடு வந்தார்கள். கதவைத் திறந்ததும் கேட்டது ஒரே கேள்விதான்: "டில்லிபாபு எங்க?" அவனை நீக்கிய அன்றே அவர்களையெல்லாம் மென்பொருள் மீட்புக் குழுவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. அந்தக் குழுவில் யாரும் அவர்கள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் வாங்கிய ஒவ்வொரு காரும் 'மீட்கப்பட்ட வாடிக்கையாளர்' என்று பச்சையில் ஏறியது. அந்த மாதம் ரகுநந்தன் சாருக்குக் கேடயம் கொடுத்தார்கள். கைத்தட்டல் வேறு. நான் தட்டவில்லை.

விழா முடிந்ததும் அவரிடம் நேராகப் போய்க் கேட்டேன். "சார், போலின்னு சொன்னீங்க. போலி ஆளுங்க எப்படி சார் கார் வாங்கினாங்க?"

கேடயத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "அது வேற ரிப்போர்ட் மேடம்" என்றார்.

அது வேற ரிப்போர்ட்! ஒரே ஆள், ஒரே கார், ஒரே பணம். ஒரு அறிக்கையில் அவர் இல்லாத ஆள், இன்னொரு அறிக்கையில் மீட்கப்பட்ட ஆள். இரண்டும் ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளச் சொல்ல எவருக்கும் மனமில்லை.

வேலாயுதம் சார் வண்டி எடுத்த நாளைச் சொல்லவேண்டும். எங்கள் ஷோரூமில் டெலிவரிக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. துணி போர்த்திய காரை விலக்கி, அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்து, விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து நிற்கிற படத்தை மென்பொருளில் ஏற்ற வேண்டும். படம் ஏறாமல் டெலிவரி முடியாது. மீட்புக் குழுவிலிருந்து ஒரு பையன் வந்து பக்கத்தில் நின்றான். வேலாயுதம் சார் அட்டைச் சாவியை வாங்கவில்லை.

"இந்தத் தம்பி யாரு?" என்றார்.

"இவர்தான் சார் உங்க எக்ஸிக்யூட்டிவ்."

"நான் இவரப் பாத்ததே இல்லையேப்பா. எனக்கு வண்டிய வித்தவரு வேற ஆளு."

அவருடைய மனைவி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அந்தத் தம்பி எங்கம்மா? ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலையில்தான் இல்லை, நீங்கள் போனில் 'நோ' சொன்னதை வைத்துத்தான் அனுப்பினார்கள் என்று எப்படிச் சொல்வேன்? சொன்னேன். மறைக்க எனக்கு இஷ்டமில்லை. அந்த அம்மாள் முகம் வெளுத்துவிட்டது. வேலாயுதம் சார் டில்லிபாபுவைக் கூப்பிடப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அரை மணி நேரம் எல்லோரும் காத்திருந்தோம். டில்லிபாபு வந்தான், ஆனால் உள்ளே வரவில்லை. வாசலில் காவலாளியிடம் அவன் படம் இருந்தது, விடக்கூடாது என்று உத்தரவு. எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில், வெயிலில், சட்டையை நன்றாக பேன்ட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

படத்துக்கு நான் நின்றேன். மென்பொருளுக்கு ஒரு முகம் வேண்டும், இருக்கட்டும் இந்தக் கிழவி முகம். வண்டியை வேலாயுதம் சார் தானே ஓட்டி, கேட்டைத் தாண்டி, சாலையைச் சுற்றிக்கொண்டு போய் பஸ் நிறுத்தத்தில் நிறுத்தினார். நானும் பின்னாலேயே நடந்து போனேன். தேங்காயும் கற்பூரமும் அந்த அம்மாள் கூடையில் இருந்தன. ஷோரூமுக்குள் வைக்காமல் பத்திரமாகக் கொண்டுவந்த நாலு எலுமிச்சம்பழத்தை அந்த அம்மாளே டில்லிபாபு கையில் கொடுத்தார்.

"நீ வையி தம்பி. நீதான வித்த."

அவன் குனிந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே ஒன்றாக வைத்தான். பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். "ஏத்துங்க சார், ஃபர்ஸ்ட் கியரு, பயப்படாதீங்க" என்றான் டில்லிபாபு. கார் நகர்ந்து பழங்கள் நசுங்கிய பிறகும் அவன் நிமிரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டான். நான் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி நின்றேன்.

அதையும் எழுதி மேலே அனுப்பினேன். வேலாயுதம் சாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதில் வந்தது: முடிந்துபோன வழக்கைத் திறக்க மென்பொருளில் வழி இல்லை. சிவப்பு வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது, எடுக்க ஒரு பொத்தான் கிடையாது. அடுத்த பதிப்பில் பரிசீலிப்பார்களாம். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டுதான் நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், குக்கர் கொடுத்தார்கள், ரகுநந்தன் சார் 'மேடம்' என்று ஆரம்பித்து என் பெயருக்காக அட்டையைப் பார்த்துப் பேசினார்.

அந்த அடுத்த பதிப்புதான் இப்போது வந்திருக்கிறது. காரணப் பட்டியலில் ஆடி வந்துவிட்டது, நல்லது. அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இனிமேல் எந்தப் பிள்ளையும் வீட்டிலிருக்கிறவரை வெளியூர் என்று எழுத வேண்டியதில்லை. ஆனால் அதைக் கேட்டவன் யார்? பயிற்சி அறையில் கையைத் தூக்கி, 'ஆடிக்கு இன்னான்னு போட்றது' என்று முதன்முதலில் கேட்டவன் படம் அந்த விளம்பரத்தில் எங்கே?

விளம்பரம் வந்த அன்று சாயங்காலம் டில்லிபாபுவுக்குப் போன் போட்டேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பழைய கார் விற்கிற ஒரு கொட்டகையில் இருக்கிறான். அங்கே கணினி இல்லை, அதனால்தான் வேலை கிடைத்தது. நிரந்தரச் சம்பளமும் இல்லை, விற்றால் கமிஷன். பின்னால் லாரிகள் போகிற சத்தம். விஷயத்தைச் சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவனோ குதித்தான்.

"மெய்யாலுமாக்கா? ஆடின்னே போட்டுக்கீறாங்களா?"

"ஆமாண்டா. ஆடி மாதம்னே இருக்கு."

"அப்போ நான் சொன்னது கரீக்ட்டுன்னு மெஷினே ஒத்துகிச்சு. சூப்பர்க்கா!" பக்கத்தில் யாரையோ கூப்பிட்டு, "த பார்ரா, நம்ம மேட்டரு கம்ப்யூட்டர்ல ஏறிக்கிச்சுடா" என்று சத்தம் போட்டான். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்டின்னா எம்பேரு மேல கீற செவப்ப எட்த்துட்டாங்களாக்கா? இந்த மாசம் பூந்தமல்லி ஷோரூமுல ஆள் எடுக்கறாங்களாம். போய்ப் பாக்கட்டுமா?"

லாரி ஒன்று நீளமாகக் கடந்து போனது.

"அக்கா? லைன்ல கீறீங்களா?"

ஷாலினி, வாழ்த்துச் செய்திக்கு என்று நீங்கள் ஒதுக்கிய இடத்தில் டில்லிபாபுவின் கேள்வியைப் போட்டுவிடு. அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ரகுநந்தன் சாரைச் சொல்லச் சொல். அந்தச் சிவப்பை எடுத்துவிட்டீர்களா?